மேல் தளம் இரவில் அனலாகக் கொதிக்கிறது: ஏசி வாங்குவதா, கூரையைச் சரிசெய்வதா?

கேள்வி: 6 ஏப்ரல் 2025

நான்கு மாடிக் கட்டடம், நாங்கள் மேல் தளத்தில் இருக்கிறோம். பகலைக்கூடச் சமாளித்துவிடுகிறோம், இரவு 10 மணிக்கு மேல்தான் தாங்க முடியவில்லை. மின்விசிறியைப் போட்டால் அடுப்படியிலிருந்து வருகிற மாதிரி காற்று இறங்குகிறது. அம்மாவுக்கு 71 வயது. விடியற்காலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஏசி போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. கூரைக்கு வெள்ளை அடித்தாலே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கட்டட வேலை தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். அப்படியே இன்னொன்று: எல்லாரும் ஏசி போட்டால் ஊரே இன்னும் சூடாகும் என்கிறார்களே, உண்மையா?

6 ஏப்ரல், இரவு

தங்கச்சி, நான் கட்டட வேலைக்கு வந்து 28 வருடம் ஆகிறது. அதில் 20 வருடம் மேல் தளத்து வீட்டில் குடியிருந்தவன். இந்த இரவு 10 மணிச் சங்கதி எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளம் 12 முதல் 15 செ.மீ. கனம் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரையில் ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. வீடு 80 சதுர மீட்டர் என்றால், 80 இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி மாடியில் வரிசையாக வைத்த கணக்கு. அழுக்கேறிய பழைய கான்கிரீட் அதில் பாதிக்கு மேல் குடித்துவிடும். குடித்ததை உடனே கீழே விடாது. தளத்துக்குள் மெல்ல இறங்கி அடிப்பக்கம் வந்துசேர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். பகல் 2 மணி வெயில் மாலை 7 மணிக்குத்தான் உங்கள் கூரைக்கு அடியில் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் நடுராத்திரி தாண்டியும் இறங்கிக்கொண்டே இருக்கும். கூரையை ஒட்டி நிற்கிற அந்தச் சூடான காற்றைத்தான் மின்விசிறி உங்கள் மேல் தள்ளுகிறது.

நாளை இரவு 10 மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி, கூரையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் மேற்குச் சுவர், கிழக்குச் சுவர், தரை. எது அதிகம் சுடுகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம். ஏசி முடிவை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

7 ஏப்ரல், காலை

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு 71 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், நான் கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். யார் இறந்தார்கள் என்று பிறகு ஆராய்ந்தபோது, மேல் தளத்தில் குடியிருந்தவர்களுக்கும் தனியாக இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது தெரிந்தது. 2003-இல் ஐரோப்பாவில் அந்தக் கோடை முழுவதும் சேர்த்து 70,000 பேருக்கு மேல். பாரிஸில் கூரைக்கு நேர் கீழே படுக்கையறை வைத்திருந்த முதியவர்கள் அதில் அதிகம் சிக்கினார்கள். இத்தனைக்கும் அந்த ஊர்களெல்லாம் குளிருக்காகக் கட்டப்பட்டவை. வயதானவர்களின் உடம்பு வியர்ப்பதும் குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு. பகல் வெயிலை உடம்பு தாங்கிக்கொண்டாலும் இரவில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காமல் போவதுதான் ஆளைச் சாய்க்கிறது.

அதனால் கூரை வேலை முடியும்வரை அம்மா இரவில் கீழ்த் தளத்தில் யார் வீட்டிலாவது படுக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் அவர் படுக்கும் ஒரே ஓர் அறைக்கு ஏசி இப்போதே போடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அறைக்குள் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள், அந்தச் சூட்டில் அது உடம்பை மேலும் காய்ச்சும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

சரி, இனி கூரை.

8 ஏப்ரல்

வெள்ளை அடிப்பது பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முக்கால்வாசி சரி.

2016-இல் என் வீட்டு மாடிக்கு நானே அடித்தேன். அடிப்பதற்கு முன்பு பகல் 2 மணிக்கு மாடித் தரையில் வெப்பமானியை வைத்தால் 61 டிகிரி காட்டியது. இரண்டு கை வெள்ளைப் பூச்சு காய்ந்த பிறகு, அதே மாதிரி ஒரு தெளிவான நாளில், அதே நேரத்தில் 43. செருப்பில்லாமல் நடக்க முடிந்தது. முன்பு பூனை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது, அன்று போய் நடு மாடியில் படுத்துக்கொண்டது. வெப்பமானியைவிட அதைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

வெள்ளை இரண்டு வேலை செய்கிறது. புதிதாக இருக்கும்போது விழுகிற வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. அதையும் மீறி ஏறும் சூட்டை, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக வானத்துக்கு விடுகிறது. மினுமினுக்கும் அலுமினியத் தகடு முதல் வேலையை நன்றாகச் செய்யும், இரண்டாவதில் கோட்டை விட்டுவிடும். தகடு வெயிலில் கையைச் சுடுவது அதனால்தான். வாங்கும்போது இரண்டு எண்ணையும் பாருங்கள்: ஒன்று எதிரொளிப்பு, இன்னொன்று வெப்ப உமிழ்வு.

நகரங்களும் இதைக் கையில் எடுத்துவிட்டன. 2010-இல் கொடிய வெப்ப அலையைப் பார்த்த அகமதாபாத் 2013-இல் வெப்பச் செயல் திட்டம் கொண்டுவந்தது. பிறகு எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-இல், இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் 'குளிர் கூரை'க்கென்றே தனிக் கொள்கை வகுத்தது.

8 ஏப்ரல், கொஞ்சம் கழித்து

விட்டுப்போன மீதிக் கால்வாசி. என் கூரை ஒரே வருடத்தில் தூசி படிந்து பழுப்பாகிவிட்டது. அளந்தேன், 52. அதனால் கோடைக்கு முன்பு வருடம் ஒருமுறை துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். விரிசல் மேலேயே வெள்ளை அடித்தால் கீழே ஓதம் காட்டும்போது பழி வெள்ளையின் மேல் விழும். குளிர் காலம் நீண்டிருக்கும் ஊர்களில் இந்த யோசனை அப்படியே செல்லாது. அங்கே குளிர்காலச் சூரியனும் வீட்டுக்கு வேண்டும்.

11 ஏப்ரல்

நீங்கள் அளந்து அனுப்பியதைப் பார்த்தேன்: இரவு 10 மணிக்குக் கூரையின் அடி 39, மேற்குச் சுவரின் உள்பக்கம் 37, தரை 33. கூரை முதல் குற்றவாளி, மேற்குச் சுவர் இரண்டாவது. கூரைக்கு வெள்ளை அடிக்க முடிவு செய்துவிட்டீர்கள் என்பதால் இப்போது மேற்கைப் பார்ப்போம்.

ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேட் உச்சி வெயிலை மறைக்கும். மாலை 4 மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நேராக ஜன்னலுக்குள் பார்க்கும்போது அது எதற்கும் உதவாது. கிழக்குக்கும் மேற்குக்கும் நிறுத்துவாக்கில் தடுப்பு வேண்டும்: பலகை, தட்டி, கொடி படர்ந்த கம்பி வலை, எதுவானாலும் சரி. முக்கியம், கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே கனமான திரை போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து, திரையைச் சூடாக்கி, அந்தத் திரை இரவில் அறைக்குள்தான் சூட்டை விடும். அதே துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டிப் பாருங்கள், ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். நான் முதலில் பழைய மூங்கில் தட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியே தொங்கவிட்டேன். அந்த ஒரு சாண் இடைவெளியில் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடுகிறது. சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தால் பாதிப் பலன்தான்.

15 ஏப்ரல்

ஏசியால் ஊர் சூடாகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உண்மைதான். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, கொட்டுவதற்கு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அறையிலிருந்து மூன்று பங்கு சூட்டை எடுக்க ஒரு பங்கு மின்சாரம் என்று வைத்தால், தெருவில் விழுவது நான்கு பங்கு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், ஏசிக் கழிவு வெப்பத்தால் மட்டும் இரவில் 1 டிகிரிக்கு மேல் கூடக்கூடும் என்று கண்டார்கள். அந்த 1 டிகிரி யாருக்கு? ஜன்னலைத் திறந்துவைத்துப் படுப்பவருக்கு. ஏசி இல்லாதவர் இருப்பவரின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறார். இதை நினைத்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902-இல் முதல் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதருக்காக அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகின, அதற்காக. 2018-இல் சர்வதேச எரிசக்தி முகமை போட்ட கணக்குப்படி, அப்போது உலகில் 160 கோடி ஏசிகள். 2050-இல் 560 கோடி ஆகும். இவ்வளவு சூட்டையும் தெருவில்தான் கொட்டப் போகிறோம்.

வேறு வழியில் கொட்டவும் முடியும். டொராண்டோ 2004 முதல் ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரித் தண்ணீரை எடுத்து, குடிநீர்க் குழாய்க்கு அனுப்பும் வழியில் நகர நடுவிலுள்ள கட்டடங்களைக் குளிர்விக்கிறது. பாரிஸ் சேன் நதியைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பெட்டி தொங்குவதற்குப் பதில் ஒரே பெரிய நிலையம், தெருவுக்கு அடியில் குழாய்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஓடும் வாயுவைக் கேளுங்கள். பழைய ஆர்-410ஏ கசிந்தால் அதே எடை கரியமில வாயுவைப் போல 2088 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் 675 மடங்கு. புரொப்பேன் வகை ஒற்றை இலக்கத்தில்தான். 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரத்தில் நாடுகள் கூடி இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டதும் இதற்காகத்தான்.

16 ஏப்ரல்

"ஏசியைக் குறை சொல்வது ஏசி அறையில் இருப்பவர்களின் பேச்சு" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் கோபம் நியாயமானது. தகரக் கூரையின் கீழ் இருப்பவரிடம் போய் மூங்கில் தட்டி கட்டு என்று நான் சொல்ல மாட்டேன். சிகாகோவில் உயிர் பிழைத்தவர்களைப் பிரித்துக் காட்டிய பெரிய விஷயங்களில் ஒன்று, வீட்டில் ஏசி இருந்ததா, இல்லாவிட்டால் குளிர்ந்த ஓரிடத்துக்குப் போக முடிந்ததா என்பது. நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும். முதலில் கூரை, நிழல், மின்விசிறி. அதன் பிறகு போடும் ஏசி சிறியதாக இருந்தால் போதும், குறைந்த நேரம் ஓடினால் போதும். உடம்பில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் 3 டிகிரி குறைந்த மாதிரி தெரியும். ஏசியை 27-இல் வைத்து மெதுவாக மின்விசிறி ஓட்டினால் 24-இன் சுகம் கிடைக்கும். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் புது வகை 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது.

21 ஏப்ரல்

வீட்டைவிட்டுத் தெருவுக்கு இறங்குவோம். "எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துவிடலாமே, சாலைக்கும்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

லாஸ் ஏஞ்சலஸ் அதைச் செய்து பார்த்தது. வெளிர் பூச்சு அடித்த தெருக்களில் சாலையின் மேற்பரப்பு குளிர்ந்தது உண்மை. ஆனால் அங்கே அளந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பகலில் அந்தச் சாலையில் நிற்பவர் மேல், தரையிலிருந்து எகிறி வரும் வெயிலும் விழுகிறது. நடப்பவருக்குச் சூடு குறையவில்லை, கூடியது. கூரைக்கு மேலே வானம்தான் இருக்கிறது, எகிறும் வெளிச்சம் போய்விடும். சாலைக்கு மேலே ஆள் இருக்கிறார், எதிரே சுவர் இருக்கிறது. இதே காரணத்தால், உயரமான கட்டடத்தின் சுவரைப் பளபளவென்று வெள்ளையாகவோ கண்ணாடியாகவோ ஆக்கினால் எதிர்வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்வார்.

சாலைக்கு மரம்தான். கொலம்பியாவின் மெதெயீன் நகரம் 2016 முதல் 30 பசுமை வழித்தடங்களை அமைத்தது: சாலை ஓரம், ஓடைக்கரை, சாலை நடுவே என்று வரிசையாக மரமும் செடியும். அந்தப் பகுதிகளில் வெப்பம் 2 டிகிரி அளவுக்குக் குறைந்திருக்கிறது. தென் கொரியாவின் சோல் நகரம் 2003-இல் தொடங்கி 2005-க்குள் ஒரு மேம்பாலச் சாலையையே இடித்துவிட்டு, அடியில் மூடிக் கிடந்த சோங்கேசோன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்குத் திறந்தது. ஓடைக்கரை பக்கத்துச் சாலையைவிட 3.3 முதல் 5.9 டிகிரி வரை குளிர்ந்திருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வளர்ந்த மரம் நாளுக்கு 100 லிட்டர் தண்ணீரை இலை வழியே ஆவியாக்கினால், அது காற்றிலிருந்து எடுக்கும் சூடு 68 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கழிவு வெப்பம் கிடையாது, சத்தம் கிடையாது.

22 ஏப்ரல்

நேற்றைய மரக் கணக்கைக் கொஞ்சம் திருத்த வேண்டும். காற்று ஏற்கெனவே ஈரமாகப் பிசுபிசுக்கும் ஊர்களில் ஆவியாதல் அவ்வளவு உதவாது, காற்றோட்டம் இல்லாத குறுகிய சந்தில் இலை விடும் ஈரம் புழுக்கத்தைக்கூடக் கூட்டலாம். அங்கே மரத்தின் பெரிய உதவி நிழல்தான், சாலையும் சுவரும் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும். வேருக்கு மண் வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட்டேன். ஒரு முழம் குழி தோண்டி, சுற்றிலும் கான்கிரீட் பூசி, அதில் கன்றை நட்டுப் படம் எடுத்துப் போகிறார்கள். என் கண் முன்னாலேயே அப்படி 40 கன்றுகள் இரண்டு கோடையில் கருகின. ஊற்ற ஆள் இல்லை, வேர் இறங்க இடம் இல்லை. கன்றின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், ஐந்தாவது வருடம் எத்தனை நிழல் தருகிறது என்று கேளுங்கள்.

27 ஏப்ரல்

சுவருக்கும் கூரைக்கும் நுரைப் பலகை ஒட்டலாமா என்று கேட்டவருக்கு. வெப்பத் தடுப்பு என்பது உண்மையில் காற்றை அசையாமல் சிறைப்பிடிப்பதுதான். கான்கிரீட் சூட்டைக் கடத்தும் அளவில் நாற்பதில் ஒரு பங்குதான் நுரை கடத்தும். மேலே வெள்ளை, அடியில் தடுப்பு, அதற்கு அடியில் கான்கிரீட், இதுதான் வெப்ப ஊருக்கு நல்ல அடுக்கு. கூரையின் உள்பக்கம் ஒட்டினாலும் உதவும். ஆனால் தளம் வெயிலில் விரிவதும் சுருங்குவதும் நிற்காது, விரிசலும் தொடரும்.

ஆனால் வெளிச்சுவரில் நுரை என்றால் தீயைப் பற்றி முதலில் கேளுங்கள். 2017-இல் லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளியே போர்த்திய பலகையும் தடுப்பும் பற்றிக்கொண்டு மாடிமாடியாகத் தீயை ஏற்றின. பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் கல் கம்பளி எரியாது, கனம் கொஞ்சம் கூடும். உயரமான கட்டடத்துக்கு அதைத் தவிர வேறெதற்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

புதிதாகக் கட்டுபவர்கள் சுவரிலேயே காற்றை அடைக்கலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு அப்படித்தான்: செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கலில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், உள்ளே வரும் சூடும் குறைவு. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, முதல் வரிசையில் ஒவ்வொரு செங்கலையும் நிறுத்திவிட்டு விரலால் தட்டிப் பார்ப்பார். சத்தம் மாறினால் அடியில் கலவை சரியாக உட்காரவில்லை என்று எடுத்துவிடுவார்.

4 மே

இங்கே எழுத ஒரு வாரம் யோசித்தேன். "பழைய கட்டடத்தை ஒட்டுப்போடுவதைவிட இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடமாகக் கட்டுவதுதானே நல்லது?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன்பு நான் மேற்பார்வை பார்த்த ஒரு வேலை. 40 வருடக் கட்டடம், அலுவலகமாக இருந்தது. தூண்களில் ஒரு விரிசல் கிடையாது. உயரமான கூரை, இரண்டு பக்கமும் தாழ்வாரம், நடுவே முற்றம், பகலில் விளக்கு போடாமல் வேலை செய்யலாம். அதை இடித்துவிட்டு முழுக் கண்ணாடியில் ஒன்று எழுப்பினார்கள், பசுமைச் சான்றிதழும் கிடைத்தது. இடிக்கும் இயந்திரம் முதல் நாள் ஒரு தூணில் முட்டியது. தூண் அசையவில்லை. மூன்றாவது முட்டலில் மேல்பூச்சு மட்டும் உதிர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது, துருவே இல்லாமல் நீலம் பாய்ந்து. அன்றைக்குக் கம்பி கட்டியவர் யாரோ, அவர் எவ்வளவு கவனமாக மூடுகனம் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) விட்டிருக்கிறார் என்று நின்று பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். புதுக் கட்டடம் நாள் முழுக்க ஏசி ஓடினால்தான் உள்ளே உட்கார முடியும், ஜன்னல் திறக்காது.

சிமெண்ட் என்பது சுண்ணாம்புக் கல்லை 1450 டிகிரியில் சுடுவது. எரிபொருளின் புகை ஒரு பக்கம். அந்தக் கல்லே சுடும்போது தனக்குள் இருக்கும் கரியமில வாயுவை வெளியே விடுகிறது, மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான். சூரிய ஒளியில் சூளையை ஓட்டினாலும் அது நிற்காது. உலகம் விடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. நிற்கிற தூணில் அந்தக் கடன் ஏற்கெனவே கட்டி முடிந்தது. இடித்தால் அதே கடனைப் புதிதாக வாங்குகிறோம். புதுக் கட்டடம் மின்சாரத்தில் மிச்சம் பிடித்து அதை அடைப்பதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். வெப்பம் கூடிக்கொண்டிருப்பதோ இந்தப் பத்தாண்டுகளில்.

இடிக்காமல் செய்ய முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது பிரான்ஸின் போர்தோ நகரத்தில் லக்காத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும் கூட்டாளிகளோடு செய்தது. 1960-களின் மூன்று அடுக்குமாடிகள், 530 வீடுகள். பழைய சுவரின் வெளியே 3.8 மீட்டர் ஆழத்துக்கு ஒரு புது அடுக்கைத் தனியாக நிறுத்தி ஒட்டினார்கள்: கண்ணாடித் தாழ்வாரம், அதற்கு அப்பால் பலகணி. குளிரில் சாத்திக்கொள்ளலாம், கோடையில் திறந்து நிழலாக்கிக்கொள்ளலாம். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவே இல்லை, அவர்கள் உள்ளே இருக்கும்போதே வேலை நடந்தது. அந்த இருவருக்கும் 2021-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் 6,514 ஜன்னல்களைத் தூக்கிப் போடவில்லை. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை போட்டு, கண்ணாடிகளைக் கழற்றி, நடுவே ஒரு படலத்தை வைத்து, வாயு நிரப்பி, திரும்ப மாட்டினார்கள்.

5 மே

நேற்று எழுதியதில் சிமெண்டே கூடாது என்று தோன்றியிருந்தால் அது என் எழுத்தின் குறை. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித்தான் ஆக வேண்டும். சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல் தூளையும் கலந்து, சிமெண்டின் முக்கியப் பொருளான கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வகை வந்திருக்கிறது, எல்சி3 என்பார்கள். களிமண்ணைச் சுட 800 டிகிரி போதும். கரியமில வாயு 40 சதவீதம்வரை குறையும். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா மூன்றிடத்து ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தது.

18 மே

முதல் மழை. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 80 சதுர மீட்டர் கூரையில் 4,000 லிட்டர். தங்கச்சி, வெள்ளை அடிக்கும் முன்பு வடிகுழாய் வாயைப் பார்த்தீர்களா?

மாடித் தோட்டம் பற்றிக் கேட்டவருக்கும் இதுவே பதில். நான் ஒரு வீட்டுக்குத் தொட்டி தொட்டியாக மண் ஏற்றிக் கொடுத்தேன், நல்லெண்ணத்தில்தான். ஈர மண்ணின் எடையைக் கணக்கில் எடுத்தேன், வேரையும் வடிகாலையும் கவனிக்கவில்லை. இரண்டாவது மழையில் தண்ணீர் தேங்கி, கீழே படுக்கையறைக் கூரையில் ஓதம் பரவியது. அதை என் செலவில் பிரித்துச் சரிசெய்தேன். நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, அதற்கு மேல்தான் மண்.

கூரையில் ஆரம்பிக்கும் தண்ணீர் தெருவில் என்ன ஆகிறது என்பது பெரிய கதை. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் 150 மி.மீ. அளவுக்குக் கொட்டியது. குழாயைப் பெரிதாக்குவதோடு நிற்காமல், பூங்காக்களையே தொட்டியாக்கினார்கள். எங்ஹாவே பூங்கா 22,600 கன மீட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ராட்டர்டாமில் 2013-இல் ஒரு சதுக்கத்தைப் பள்ளமாக அமைத்தார்கள். காய்ந்த நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், மழை நாளில் அது 17 லட்சம் லிட்டர் பிடிக்கும்.

எல்லைகளும் உண்டு. சீனாவின் ஷெங்ஷோ, மழையை உறிஞ்சும் 'பஞ்சு நகரம்' ஆகப் பெரிய முயற்சி எடுத்த ஊர். 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்தது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து 14 பேர் இறந்தார்கள். உறிஞ்சும் தரை சாதாரண மழைக்குத் தாங்கும். அதையும் மீறும் மழைக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே தெருவில் பாதை விட்டிருக்க வேண்டும், ரயிலை எப்போது நிறுத்துவது என்று ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

1 ஜூன்

உங்கள் எண்கள் வந்தன. வெள்ளை இரண்டு கை, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி. இரவு 10 மணிக்குக் கூரையின் அடி 34, மேற்குச் சுவர் 34. வெளிக்காற்றும் அன்றைக்கு முன்பைவிட 1 டிகிரி குறைவு என்று நேர்மையாகக் குறித்திருக்கிறீர்கள், அதைக் கழித்தால் கூரையில் 4 டிகிரி. நல்ல பலன்.

தம்பி அம்மாவின் அறைக்கு ஏசி வாங்கியதும் நல்லதுதான். அதன் வெளிப்பெட்டியைத் தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து மாட்டியிருப்பது படத்தில் தெரிகிறது. அதை மாடிக்கு ஏற்ற முடியுமா என்று மாட்டியவரிடம் கேளுங்கள். குழாய் நாலு மீட்டர் கூடும், அவ்வளவுதான். பெட்டிக்கு மேலே ஒரு நிழல் தடுப்பும் வையுங்கள், காற்று போக இடம் விட்டு.

வடிகுழாய் வாயில் இலை இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கம்பி வலைக் குமிழைப் போட்டுவிடுங்கள்.

அம்மா இப்போது விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்கிறாரா?